முனியாண்டிக்கு ஊற்றிய சிங்கிள் மால்ட்

காலிப் போத்தலை இருசப்பனின் மூக்குக்கு நேராக நீட்டி, “திருட்டு நாயே” என்றார் சிவானந்தம் துரை.

அத்தனை பேர் முன்னாலும், அதுவும் கோல்ஃப் திடலோரத்து முனியாண்டி சாமி மேடைக்கு முன்னால்.

சிவானந்தம் அந்தத் தோட்டத்துக்கு மேனேஜர். இருசப்பன் தோட்டத்து கோல்ஃப் கிளப்பில், பாரில் நின்று ஊற்றிக் கொடுப்பவன். இரண்டு பேருக்கும் என்றைக்குமே ஆகாது. ஆனாலும் நாய் என்று சொல்லுமளவுக்கு இதுவரை வந்ததில்லை.

போத்தல் அப்படிப்பட்ட போத்தல். ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு கோல்ஃப் திடலின் பெயரை வைத்து இறக்கிய சிங்கிள் மால்ட் விஸ்கி. லேபிளில் அந்தத் திடலின் புல்லையும் கொடியையும் படமாக வரைந்திருந்தார்கள். உலகத்துக்கே முந்நூறு போத்தல்தானாம். லண்டன் டைரக்டர் போன தடவை வந்தபோது கொண்டுவந்தது. இன்றைய போட்டியில் ஜெயிக்கிறவனுக்குத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று அலமாரியில் பூட்டி வைக்கச் சொன்னதும் அவர்தான்.

நேரத்தைப் பாருங்கள். அதே டைரக்டர் அடித்த பந்து ஏழாவது குழியைத் தாண்டி மேடைக்குள் விழுந்தது. பந்தைத் தேடிப் போன மனிதர் போத்தலோடு எழுந்து வந்தார்.

முனிக்கு ஊற்றிய போத்தலை யாரும் திரும்ப எடுத்துப் போவதில்லை. சம்சுச் சாராயம், ஸ்டவுட் பீர் என்று காலிப் போத்தல்கள் வரிசையாக அங்கேயேதான் கிடக்கும். அந்த வரிசையில் இதுவும் கிடந்திருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்றார் துரை. இல்லையென்றால் போலீஸாம்.

வீடு போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஜெராம் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். இருசப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு தைரியம் இந்த ஆளுக்கு! முகத்தைப் பார்த்துச் சொல்கிறானே!

ஊற்றியது தான்தான், ஆனால் திருடவில்லை என்றான். டைரக்டருக்கு அது புரியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று துரை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

அவ்வளவுதான். இருசப்பன் விறுவிறுவென்று மேடைக்குப் போனான். தட்டில் ஒரு சூடத்தை வைத்துக் கொளுத்தினான். கொண்டுவந்து துரைக்கு முன்னால் நீட்டினான்.

“நீங்களே அடிங்க, தொரை. இருசப்பன் திருடுனான்னு சாமி பேரைச் சொல்லி, இந்தச் சூடத்தை அடிச்சு அணைங்க. நான் இப்பவே கெளம்பிடுறேன்.”

அடிக்க மாட்டார். அது அவனுக்குச் சர்வ நிச்சயம். கால்சட்டையும் தொப்பியும் போட்டால் மட்டும் ஆச்சா? அவரும் லயத்தில் பிறந்தவர்தான். பொய்க்குச் சூடம் அடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எப்படி நெளிகிறார் பார்க்கலாம் என்று தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

கிளப்பிலிருந்து துரையின் மனைவி லீலாவதியும் மகளும் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்கள்.

என்ன நடக்கிறது என்று டைரக்டர் கேட்டார். சும்மா, இந்த ஆட்களின் மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்தார் சிவானந்தம்.

சிரித்துக்கொண்டே, “முனியாண்டி சத்தியமா இவன் திருடுனான்” என்று கொசுவை அடிப்பதுபோல் சூடத்தை அடித்து அணைத்தார்.

வெள்ளைக்காரர் கைதட்டினார்.

இருசப்பனின் கோபம் போன இடம் தெரியவில்லை. வீடு போனதுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஐயோ, நானே அல்லவா தட்டை நீட்டினேன் என்று கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்தான்.

போன மாதம் துரையின் மகள் டெங்கிக் காய்ச்சலில் கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு இதே சிவானந்தம்தான் பாருக்கு ஓடிவந்தார். அலமாரியைத் திறந்து போத்தலைத் தானே எடுத்து இருசப்பன் கையில் திணித்தார். இதைவிட உசத்தியானது தன்னிடம் இல்லை, முனிக்கு ஊற்றிப் பிள்ளை உயிரைக் கேள், வெளியே மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது என்று அவன் தோளில் சாய்ந்து அழுதார். மறுநாளே காய்ச்சல் இறங்கியது.

கூட்டம் கலைந்து அடுத்த குழிக்கு நடந்தது.

லீலாவதி மட்டும் நகரவில்லை. மகளை இழுத்து அணைத்து, அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.