புதுப் பல்செட்டு

ஓட்டலில் ஜாஸ் வாசிக்கும் செல்வின், புதுப் பல்செட்டைச் சரிபார்க்க சாக்ஸபோனோடுதான் பல் டாக்டரிடம் போனார். மேல்பற்கள் குழலின் வாயில் சரியாக ஊன்றாவிட்டால் நாதம் நிற்காது. சனிக்கிழமை கச்சேரி வேறு. நாற்காலியில் சாய்ந்தபடியே ஊதினார். பசித்த கன்றுக்குட்டி கத்துவதுபோல வந்தது.

"முன்பல்லு நீளம் டாக்டர்," என்றார் உடன் வந்திருந்த அவர் மனைவி பியூலா.

டாக்டர் வைதேகி செட்டை வாங்கிக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். நாதம் இப்போது பழுத்த பலாச்சுளை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பியூலா கண்ணை மூடிக்கொண்டார். "இது போன வருஷம் இவர் வாசிச்ச நாதம்."

டாக்டர் மறுபடி தேய்த்தார். நாதம் கரகரத்தது. "இது சிகரெட்டை விடறதுக்கு முன்னாடி."

இன்னும் கொஞ்சம். கரகரப்பு உதிர்ந்து, பளபளவென்று, சற்றுத் திமிரோடு எழும்பியது. வெளியே கன்னம் வீங்கிக் காத்திருந்தவர்கள் காலால் தாளம் போட ஆரம்பித்தார்கள். பியூலாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "ஐயோ, இது எங்க கல்யாண ரிசப்ஷன்ல வாசிச்சது!"

செல்வினுக்குத் தலைகால் புரியவில்லை. செட்டைக் கழற்றி டாக்டரிடம் நீட்டி, பொக்கை வாயோடு கெஞ்சினார். "இன்னும் ஒரே ஒரு தேய்ப்பு டாக்டர்!"

டாக்டர் அரத்தை எடுப்பதற்குள் பியூலா எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் டாக்டர். இதுக்கு மேல தேய்ச்சா, எனக்கு முந்தி இருந்த ஐரீன் வந்து நிப்பா."