சிறிலின் கோப்புறை

துறைமுகத் தொழிலாளர் கணினி அறையில் பின்னேர வெயில் கிழிந்த திரைச்சீலையால் நுழைந்து விசைப்பலகையில் கிடக்கிறது. என்னோடு இழுவைப் படகில் கயிறு பிடித்த சிறில், கைபேசியோடும் அடையாள அட்டையோடும் கடலில் மூழ்கிப் போய்விட்டான். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவன் சிரித்த முகமாய் ஒரு படம் வேண்டுமென்று அவன் மனைவி மாகிரட் வந்திருக்கிறாள். இங்கே எந்தக் கணினியில் பெயரைக் கொடுத்தாலும் அவரவர் சேமித்த படங்களுள்ள கோப்புறை, உள்ளறையில் இருக்கும் பொதுக் கணினியான சேர்வரிலிருந்து தானாக வந்து நிற்கும். சிறிலுடையது வரவில்லை. “ஆள் இல்லையெண்டு இணைப்புப் பட்டியலில இருந்து பேரை எடுத்திட்டாங்கள் அக்கா. படங்கள் சேர்வரிலதான் கிடக்கும், கூப்பிட்டா வராது,” என்கிறான் கணினி திருத்தும் ஸாஜித். “உயிரோட இருக்கேக்கயும் ஒரு கூப்பாட்டில வந்த மனிசன் இல்ல,” என்கிறாள் மாகிரட். சிரிப்பை மறைக்க நான் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன். ஸாஜித் பெயரைத் திரும்ப எழுதுகிறான்; எதையோ நிறுத்தி, மறுபடி தொடக்குகிறான். மின்விசிறி கடகடக்கிறது. கோப்புறை திறந்து படங்கள் ஒவ்வொன்றாய் வருகின்றன: குசினி வாசலில் அகப்பையோடு மாகிரட், கோயில் படியில் மாகிரட், மீன் வெட்டியபடி மாகிரட். கடைசிவரை பார்த்தாயிற்று. எடுத்தவன் சிறில், அவன் ஒன்றிலும் இல்லை. “வேற இடத்திலயும் தேடட்டோ அக்கா?” “வேண்டாம் தம்பி,” என்று அவள் திரையைத் தொடுகிறாள். “எல்லாத்திலயும் நான் அவரைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”