மேட்டில் விட்ட அரை

மலேசியாவின் பத்து காஜா ஊரில், கார் பழகும் மைதானத்தின் சிமெண்ட் மேட்டில், பாதி ஏறி நிற்கும் காருக்குள் வெண்டி டீச்சர் வியர்த்து வழிகிறாள். நாளைக்கு மூன்றாவது தடவையாக டெஸ்ட். பக்கத்தில் அவளுக்குக் கார் பழக்கும் ரூபன். ஒரு காலத்தில் அவளிடம் இயற்பியல் டியூஷன் படித்தவன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கில், முடுக்கத்துக்கு முன்னால் போட வேண்டிய அரையை எப்போதும் விட்டுவிட்டுத் திட்டு வாங்கியவன். அவள் ஹேண்ட் பிரேக்கை இறக்குகிறாள். கார் பின்னால் நழுவுகிறது. முதல் வினாடியில் ஒரு சாண், அடுத்த வினாடியில் மூன்று சாண், இனி ஐந்து என்று மூளை கேட்காமலே கணக்குப் போடுகிறது. கால்தான் கிளட்ச்சை முழுசாக அமுக்கிக்கொண்டு கிடக்கிறது. பின்னால் காத்திருக்கும் கார் ஹாரனை அலறவிடுகிறது. ரூபன் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கிறான். வண்டி குலுங்கி நிற்க, கண்ணாடியில் தொங்கும் வாசனைப் புட்டி மட்டும் ஆடுகிறது. "என்ன காருடா இது, சனியன்!" என்று அவள் ஸ்டியரிங்கை அடிக்கிறாள். "காரு நல்லாத்தான்லா இருக்கு, டீச்சர்," என்கிறான் அவன். பிறகு, தாளில் சிவப்பு வட்டம் போட்டு அவள் கத்துகிற அதே குரலில் கத்துகிறான்: "அரை கிளட்ச்! எத்தன தடவ சொல்றது? மறுபடியும் அந்த அரைய விட்டுட்டீங்க!"