பெரியவர் ஏறிட்டார்!

“நேத்துவரைக்கும் நகரவே முடியாதவர், இன்னைக்கு விறுவிறுன்னு மேல ஏறிட்டார் அத்தை!” போனில் துள்ளினாள் மருமகள்.

“யாரு, உங்க பெரியவரா?”

“அவரேதான்! மாமாவுக்கு இருக்கிற அதே நரம்பு வியாதி, மரபணுவுல அதே கோளாறு. அதனால செல்லுக்குள்ள ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுற வேலை தாறுமாறாப் போச்சு. புது மருந்து அதைச் சரிபண்ணிடுச்சு!”

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த கணவரிடம் சொன்னதும், “வெறுங்கையோட போகாதே” என்றார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, மருமகள் வேலைபார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினாள்.

“எந்த ரூம்ல இருக்கார்? தூங்குறாரா?”

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கண்ணாடிக் குழாயை மேசையில் தட்டினாள். உள்ளே இருந்த பழ ஈ கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் மேலே ஏறியது.

“இவர்தான் அத்தை. கூட்டத்துலேயே வயசானவர், அதான் பெரியவர்.”

“அடக் கடவுளே! இவரையா தினமும் சமையலறையில துண்டால அடிச்சு விரட்டுறேன்?”

“பழம் வீணாகாது, அவங்களுக்கு அதான் உயிர். ஆனா மருந்து மாமாகிட்ட வர நாளாகும் அத்தை.”

“ஆகட்டும். ஏற ஆரம்பிச்சாச்சுல்ல!”

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் ஆவலாகக் கேட்டார். “பெரியவர் எப்படியிருக்கார்?”

“ஜோரா இருக்கார். அவரோட சொந்தக்காரங்க நாலு பேர் நம்ம பழக்கூடையில உட்கார்ந்திருக்காங்க” என்றபடி, அவள் துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.