குண்டுவுக்கு இன்னொரு டாக்டர்

“மொதல்ல பார்த்த டாக்டர் யாருன்னு மட்டும் கேக்காதீங்க. சொன்னா நீங்களும் அவருக்கு ஒத்து ஊதிடுவீங்க.”

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்த அம்மா இப்படிச் சொன்னதும், கையுறை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஒரு நிமிடம் திகைத்துப் போனாள். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இந்தக் கிளினிக்கைத் திறந்ததிலிருந்து எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக யாரும் இப்படி எச்சரித்ததில்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு கணவர் பின்னால் வந்தார். கூடை தூக்குவதற்கென்றே அழைத்து வரப்பட்டவர் போலச் சுவரோரமாக நின்றார்.

பூனையின் பெயர் குண்டு. பிள்ளைகள் வேலை தேடி ஆளுக்கொரு திசையில் போய்விட்ட வீட்டில், சோபாவில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்த நாளில் வைத்த பெயர். இப்போது மேஜைமேல் எடுத்து வைத்ததும், காலிப் பை மாதிரி தொய்ந்து சரிந்தது.

அந்த அம்மா மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். குண்டு ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதே என்று அந்த டாக்டரிடம் அப்போதே சொன்னாராம். வெயில் காலம், குடிக்கத்தான் செய்யும் என்று அவர் தட்டிக் கழித்துவிட்டாராம்.

சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போக ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தாராம். இப்போது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வதைக்காமல் ஊசி போட்டு அனுப்பிவிடுவோம் என்கிறாராம்.

“எங்க ஊரே அவரைக் கைராசிக்காரர்ங்குது. எங்க வீட்டுப் பூனைக்கு மட்டும் அந்த ராசி எங்க போச்சு?”

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே அடங்கிப் போனார். இருவரும் வீட்டிலேயே ஏதோ பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று டாக்டருக்குப் பட்டது.

பழைய முடிவு எதையும் பார்க்காமல், எல்லாவற்றையும் தானே முதலிலிருந்து பார்ப்பதாகச் சொன்னாள். அந்த அம்மாவின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க டாக்டருக்குப் பயமாக இருந்தது.

உதவிக்கு இருப்பவள் சாப்பிடப் போயிருந்தாள். டாக்டர் ஊசியோடு திரும்பியபோது, கணவர் கேட்காமலே முன்னால் வந்து பூனையைத் துண்டில் சுற்றி, முன்னங்காலை நீட்டிப் பிடித்து, நரம்பு புடைக்கும்படி கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்தார். பூனை முனகக்கூட இல்லை. பல வருஷம் கூடவே வளர்த்தவர் அல்லவா என்று டாக்டர் நினைத்துக்கொண்டாள்.

வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கின் ஓரமெல்லாம் புண். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிக் கிடந்தன. இயந்திரம் துப்பிய ரத்த முடிவை நம்ப மனம் வராமல், மீதி ரத்தத்தை வைத்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

அதுவரை அந்த அம்மா பூனையின் காதுக்குள் குனிந்து, வீட்டுக்குப் போனதும் ஜன்னலைத் திறந்து விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் டாக்டர் எங்கேயாவது ஒரு சின்னத் தப்பாவது செய்திருக்கக் கூடாதா என்று டாக்டரின் மனம் அடித்துக்கொண்டது. இரண்டாவது முடிவும் அதே எண்ணைத்தான் காட்டியது.

அவர் என்னென்ன மருந்து கொடுத்தார் என்று அந்த அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, நானா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். டிரிப்ஸ், வாந்திக்கு, வாய்ப்புண்ணுக்குன்னு அவர் எதையும் விட்டு வைக்கலை. இதுக்கு மேல செய்ய என்கிட்டயும் ஒண்ணும் இல்லை.”

வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஏதாவது இருக்குமா என்று அந்த அம்மா கேட்டார். போகலாம், ஆனால் போகிற வழியெல்லாம் அதற்கு வேதனைதான் மிஞ்சும் என்றாள் டாக்டர். அதற்கு மேல் சண்டை போட அந்த அம்மாவிடம் தெம்பு இல்லை.

அப்போதுதான் கணவர் முதன்முறையாக வாய் திறந்தார். பூனையைப் பார்த்தபடியே கேட்டார்.

“தண்ணி நிறைய குடிக்க ஆரம்பிச்சப்பவே பார்த்திருந்தா பொழைச்சிருக்குமா?”

பொய் சொல்லலாமா என்று டாக்டர் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு உள்ளதைச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும் சார். குணமாகியிருக்காது. இது வெளிய தெரியறதுக்குள்ள பாதிக்கு மேல போயிடும், அதுக்கு அந்த டாக்டரைக் குத்தம் சொல்ல முடியாது.”

அவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படிப்பது போல நின்றார். முதுகு மட்டும் குலுங்கியது. அந்த அம்மா அந்த முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூனை மேஜை விளிம்பில் தலையை வைத்து, வாயால் மூச்சு விட ஆரம்பித்திருந்தது. இனியும் இழுக்க வேண்டாம் என்று டாக்டருக்குத் தோன்றியது.

“நானும் போடலாம்தான் அம்மா. ஆனா குண்டுவுக்கு நான் புது ஆளு, பயப்படும். இத்தனை நாள் வைத்தியம் பார்த்த கை போட்டா பதறாமத் தூங்கிடும். அந்த டாக்டரைக் கூப்பிட்டா வருவாரா?”

அந்த அம்மா எழுந்து போய்க் கணவரின் முதுகில் கை வைத்தார்.

“கேக்கறாங்கல்ல? நீங்களே போட்டுடுங்க.”