புழு கொடுத்த சான்றிதழ்

அவராச்சன் கத்திரிக்காயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்போரத்தில் ஒரு ஓட்டை தெரிந்த பிறகுதான் முகம் மலர்ந்தது.

"எடி ரோசம்மா, இதைப் புழு தின்னிருக்கு! புழு தின்னா மனுஷனும் தின்னலாம். இன்னிக்கு இதையே வை."

ஆறு மாதத்துக்கு முன்பு இந்த வீட்டில் காய்கறி என்ற பேச்சே கிடையாது. சர்க்கரை முந்நூறைத் தாண்டி, கால் பெருவிரலில் புண் வந்து, "தட்டுல பாதி காய்கறி இருக்கணும், இல்லேன்னா விரலை எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லியும் மனிதர் கப்பைக் கிழங்கையும் மாட்டிறைச்சியையும் விடவில்லை.

"கம்பத்துலேருந்து குமுளி ஏறி வர்ற காய் அத்தனையும் விஷம்டீ. தமிழ்நாட்டுப் பாண்டிக்காரன் அடிக்கற பூச்சிமருந்துல சாகறதைவிட சர்க்கரையிலயே செத்துட்டுப் போறேன்!"

ரோசம்மா அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் காய்கறித் தோட்டம் போட மொட்டைமாடிக்கு இருபது பை மண் ஏற்றினாள்.

முழங்கால் வலியால் அவராச்சன் படியேறுவதில்லை. தினமும் காலையில் கூடை கீழே வரும், அவர் உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டை தேடுவார். ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் அக்கம்பக்கத்துச் செடியெல்லாம் அழுகிப்போனபோதும் ரோசம்மாவின் கூடை குறையவில்லை. எல்லாம் தன் மேற்பார்வையின் மகிமை என்று அவர் போனில் ஊருக்கே அளந்தார்.

சர்க்கரை பாதியாக இறங்கியது. புண்ணும் ஆறிவிட்டது. கூடவே தலைக்கனம் ஏறி, மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேளாண்மை அதிகாரியைத் தோட்டம் பார்க்க அழைத்துவிட்டார்.

அதிகாரி லிஜி வந்து நின்றதும் ரோசம்மாவுக்கு முகம் வெளுத்தது.

"படி வழுக்கும் மோளே. இன்னொரு நாள் பாக்கலாமே?"

"எடி, மேடம் என்ன நேத்துப் பொறந்த குழந்தையா? கூட்டிட்டுப் போடீ!"

இருவரும் மேலே போனார்கள். அவராச்சன் கீழிருந்தே கத்தினார். "மேடம், வெண்டைக்காயைப் பாத்தீங்களா? என் யோசனைதான் அது!"

வெகுநேரம் கழித்து இருவரும் இறங்கி வந்தார்கள். ரோசம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. லிஜி அவராச்சனின் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி மேடம் நம்ம தோட்டம்?"

"பத்து வருஷமா இதே வேலைதான் சார் பாக்கறேன். சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு தோட்டத்தை எங்கயும் பாத்ததில்ல."

அவராச்சன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கேட்டியாடி? எடி, மேடத்துக்கு ஒரு பை காய் போட்டுக் கொடு. பாவம், விஷத்தைத் தின்னு வாழறவங்க!"

ரோசம்மா பையோடு வாசல்வரை வந்தாள். லிஜி அதை வாங்கிக்கொண்டு, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதெல்லாம் எந்தக் கடையில வாங்குறீங்க சேச்சி? எங்க வீட்லயும் ஒரு அவராச்சன் இருக்கார்."