சாவி கேட்பவர்கள்

செப்டம்பர் 18, வியாழன். ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேலேயே ஒரிஜினலை விட்டுவிட்டு வந்துவிட்டேன். நாற்பது பிரதிகளை இரண்டு முறை எண்ணியவள், இதைக் கவனிக்கவில்லை.

கரையான்சாவடியில் எங்கள் டேலி கணக்குப் பயிற்சி வகுப்பு மாடியில், ஜெராக்ஸ் கடை கீழே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கும்போதுதான் தெரிந்தது.

கையால் எழுதிய ஒரே ஏ4 தாள். மடித்தால் எட்டுப் பக்கம். எங்கள் பங்க் ராக் பேண்டின் முதல் பத்திரிகை. மதிவதனி கிட்டாரோடு கத்துவாள், நிவேதிதா டிரம்ஸ், எழுதுவது நான். யார் பெயரும் போடவில்லை. அது என் யோசனை.

முதல் பாட்டு 'சாவியைக் கொடு'. இந்தக் கட்டடத்தில் பெண்களுக்கு ஒரே கழிவறை. அதன் சாவி எங்கள் வகுப்பின் மேனேஜர் ஜெகதீசன் சாரின் டிராயரில். கேட்டால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். இப்போதுதானே போனாய் என்பார், எல்லோர் முன்னாலும். வகுப்புள்ள நாளில் நாங்கள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை.

பாட்டுக்குக் கீழே எழுதியிருந்தேன்: இந்தச் சாவிக்குக் கை நீட்டும் பெண்கள் 17 பேர்.

வகுப்பின் நோட்டீஸ் போர்டை வாராவாரம் எழுதுவது நான். என் கையெழுத்து சாருக்குத் தெரியும். வகுப்பை விட்டு வெளியே அனுப்பினால் அடுத்த மாதப் பரீட்சை போய்விடும். படித்தது போதும் என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

இறங்கி ஓடினேன்.

சார் கடையில் நின்றுகொண்டிருந்தார். கையில் வினாத்தாள்.

கடைக்கார வேம்புலியம்மாள் அக்கா மெஷின் மூடியைத் தூக்கினார். என் தாளைப் பார்த்தார். படித்தார். பிறகு தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வினாத்தாளுக்குக் கை நீட்டினார்.

பிரதிகள் விழுந்துகொண்டிருந்தபோது நோட்டில் சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதினார். சாருக்கு பில் என்று நினைத்தேன்.

சார் மாடி ஏறியதும் என் தாளைக் கொடுத்தார். 17 கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பில் 18.

வகுப்புப் பெண்களை மனதுக்குள் மறுபடி எண்ணினேன். பதினேழுதான்.

"நீங்கோ சாயங்காலம் மட்டும் கேக்குறீங்கோ பாப்பா. நான் காலைல கடை தொறந்ததுலேர்ந்து அந்தாள்கிட்டதான் கேட்டுகினு கீறேன்."

மூன்று மாதமாக அந்தக் கடைக்குப் போகிறேன்.

நாளை: நாற்பது பிரதிகளிலும் 17ஐ அடித்து 18 ஆக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் என் பெயர், பா. சிம்ரன். மற்ற இருவர் பெயரை அவர்களைக் கேட்டபிறகு. முதல் பிரதி நோட்டீஸ் போர்டுக்கு. குண்டூசி வாங்க வேண்டும்.